நாற்காலிதான் ஜிம்!

குளியலறையில் வழுக்கிய 72 வயதுப் பாட்டி, கதவைப் பிடித்துத் தப்பினார். மறுநாளே கால்சியம் மாத்திரை, புரோட்டீன் பவுடருடன் வந்தார் மகன்.

டாக்டர் கேட்டது வேறு. "கை ஊன்றாம நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியுதாம்மா?"

முடியவில்லை.

"பவுடர் தேவையான்னு கிட்னி டெஸ்ட் பார்த்துட்டுச் சொல்றேன். காலுக்கு வலு வேணும்னா கால்தான் வேலை செய்யணும்."

சுவரோரம் நாற்காலி போட்டு, தினமும் பத்து முறை உட்கார்ந்து எழுந்தார். சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்கினார். 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உடலுழைப்போடு, 3 நாளாவது சமநிலை, தசைப் பயிற்சிகளும் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மார்கழி பிறந்தது. வாசலில் உட்கார்ந்து கோலம் போட்ட பாட்டியைத் தூக்கிவிட, மகன் கை நீட்டினார். அந்தக் கையில் கோலமாவு டப்பாவைக் கொடுத்துவிட்டு, தானே எழுந்தார் பாட்டி!