கழுவிய கை

கல்லூரி அன்னையின் மடியினின்றும் வைத்தியத் தொழில் புகுந்த நாம், பல்லாண்டு கழிந்தபின் எம் இளவல்களுக்குச் சொல்ல விழைவது ஒன்றே: நோயாளியைத் தொடுமுன் கையைக் கழுவுக.

இத்துணை எளிய செயல் ஏன் தவறுகின்றது? வியன்னாப் பெருவைத்தியசாலையின் வரலாறு விடை கூறும். ஆங்கிருந்த பிரசவ விடுதிகள் இரண்டனுள் ஒன்றில் வைத்திய மாணவரும், மற்றதில் மருத்துவிச்சியரும் பயின்றனர். 1846இல் முன்னதில் நூற்றுக்கு 11 தாய்மாருக்கு மேல் மாண்டனர். பின்னதில் மூவரினுங் குறைவு. பிரேதங்களை அறுத்துச் சோதித்த கையுடனேயே மாணவர் தாய்மாரைத் தொட்டமையே காரணமென இக்னாஸ் செம்மல்வைஸ் உய்த்துணர்ந்தார். 1847 மே மாதத்தில், குளோரின் சேர்ந்த சுண்ணாம்பு நீரிற் கைகழுவுமாறு விதித்தார். ஏப்பிரலில் நூற்றுக்கு 18 ஆயிருந்த மரணம் யூனில் ஏறத்தாழ 2 ஆயிற்று.

ஆயினும் வைத்தியர் பலர் அவர் கூற்றை ஏற்றிலர். உயிர்காக்குந் தம் கையே உயிர்கொல்லும் என்பதைக் கற்றோர் உள்ளம் பொறுக்கவில்லை. செம்மல்வைஸ் 1865இல் மனநோய் விடுதியொன்றில் மறைந்தார்.

இன்றும் வேலை மிகுதி என்பர். தண்ணீர்க் குழாய் தூரம் என்பர். அழுக்குப் புலப்படாத கைக்குக் கட்டிலருகே வைத்த மதுசாரத் திரவமே போதுமென உலக சுகாதார நிறுவனம் 2009இல் வழிகாட்டியபின் தூரம் ஒரு காரணமாகாது. எஞ்சி நிற்பது எம் செருக்கே.

“டொக்டர், கை கழுவினீர்களா?” என இளந்தாதியொருத்தி அச்சமின்றி வினாவக்கூடிய விடுதியிலேயே நோயாளி நம்பிப் படுக்கலாம். வைத்தியராகப் போகும் தம்பிமாரே, அவ்வினாவிற்குச் சினவாதீர். நன்றி கூறிக் கழுவுங்கள்.