இடம்பெயர்ந்தோரின் இசை

அமெரிக்க இசை வரலாற்றைப் பாடமாகப் பயிலத் தொடங்கியபோது, அதனை வெறும் கேளிக்கை என்றே நாம் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை மாற்றியவர் மடி வாட்டர்ஸ். மிசிசிப்பிப் பருத்தித் தோட்டத்தில் உழைத்த இக்கறுப்பினப் பாடகரின் குரலை 1941இல் அலன் லோமாக்ஸ் ஒலிப்பதிவு செய்தார். 1943இல் மடி வாட்டர்ஸ் புகையிரதமேறிச் சிக்காகோவிற்குக் குடிபெயர்ந்தார். நகரத்து மதுச்சாலைகளின் இரைச்சலில் பழைய கிற்றார் எடுபடவில்லை. மின் கிற்றாரை ஏந்தினார். ஊர்ப்பாடல் அழியவில்லை, உரத்து ஒலித்தது. 1962இல் உருவான ரோலிங் ஸ்டோன்ஸ் குழு தன் பெயரையே அவரது பாடலொன்றிலிருந்து பெற்றது.

எமது அம்மம்மாவின் தாலாட்டை எவரும் பதிவு செய்யவில்லை. பிறகு கேட்கலாம் என்றிருந்தோம். அவர் ஊரிலேயே மறைந்துவிட்டார். அம்மாவின் நினைவில் எஞ்சியிருப்பவை நான்கு அடிகளே. அவற்றையேனும் இவ்வாரம் பதிவு செய்யவுள்ளோம். உங்கள் இல்லத்து முதியோரையும் பாடச் செய்யுங்கள்.