உறை மோர்க் கணக்கு

கீழ்பென்னாத்தூரில் பிறந்தவருக்குக் கடல் பழக்கம் இருக்க வழியில்லை. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் இருக்கிற ஊர். ஏரி உண்டு, நெல் உண்டு, மல்லாட்டை உண்டு, அலை கிடையாது. அப்படிப்பட்ட ஊர்க்காரர் இன்று கோவளம் கடற்கரையில், அலைச்சறுக்குப் பலகைகளின் உடைப்பைச் சரிசெய்து பிழைக்கிறார்.

தொழிலைக் கற்றது திருவண்ணாமலையில், ஃபைபர் கதவு செய்யும் ஒரு பட்டறையில். பிறகு மீன்பிடிப் படகுகளுக்கு ஒட்டுப்போட கோவளம் வந்தார். 2004 சுனாமிக்குப் பின் இந்தக் கரையெங்கும் கட்டுமரத்தின் இடத்தை ஃபைபர் படகுகள் பெருமளவு பிடித்துக்கொண்டன. வேலைக்குப் பஞ்சமில்லை. அதே ஊரில் மூர்த்தி மேகவன் மீனவப் பிள்ளைகளுக்கு அலைச்சறுக்கு சொல்லிக்கொடுக்க, படகோடு பலகைகளும் ரிப்பேருக்கு வர ஆரம்பித்தன.

கதவுக்கும் படகுக்கும் அவர் போட்டது பாலியஸ்டர் ரெசின். அதன் கணக்கை அவர் புரிந்துகொண்டது அம்மாவின் தயிர்ச் சட்டியை வைத்துத்தான். நூறு கிராம் ரெசினுக்கு ஒன்றிரண்டு கிராம் கேட்டலிஸ்ட் போதும், உறை மோர் மாதிரி. குளிர் நாளில் ஒரு சொட்டு கூட்டலாம், மே மாத வெயிலில் குறைக்கலாம். அளவு மிஞ்சினால் டப்பாவே புகையும். (கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் மட்டும் நேரடியாகக் கலக்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கக்கூட செய்யும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அதன் பிறகே கேட்டலிஸ்ட்.) காய்ந்த பிறகும் மேல்பகுதி பிசுபிசுத்தால் அவர் பதறுவதில்லை. காற்றுப் பட்ட இடம் அப்படித்தான் இருக்கும். கடைசிப் பூச்சில் கொஞ்சம் மெழுகுக் கரைசல் சேர்த்தால், அது மேலே மிதந்து காற்றை மறைத்துக்கொள்ளும்; பிசுபிசுப்பு போய்விடும்.

இத்தனை தெரிந்தவர் சறுக்கியது எபாக்ஸியில்.

ஓர் ஆகஸ்ட் மாதம். மறுநாள் உள்ளூர்ப் போட்டி. பதினாறு வயது மீனவப் பையன் ஒருவனின் பலகை மூன்று நாள் முன்பு பாறையில் மோதி, வால் பக்கம் பிளந்திருந்தது. உள்ளே தெர்மோகோல். அதில் பாலியஸ்டர் ரெசினை ஊற்றினால் பெட்ரோல் பட்டதுபோல் கரைந்து குழியாகிவிடும். எபாக்ஸிதான் போட வேண்டும். நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, இரண்டு நாள் உலர்த்தி, உப்புத்தாள் தேய்த்து எல்லாம் முறையாகத்தான் செய்தார். ஆனால் அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. காற்றில் குளிர். விடிவதற்குள் இறுகுமா என்ற பயத்தில், பட்டறைப் பழக்கத்தில் கை நீண்டுவிட்டது. ஹார்டனரை இன்னும் ஒரு மடக்கு ஊற்றிவிட்டார்.

காலை ஆறு மணிக்குப் பையன் வந்து நின்றான். விரலை வைத்தால் பலாப்பழப் பிசின் மாதிரி ஒட்டியது.

"வெயில்ல வச்சா சரியாயிடுமாண்ணா?"

ஆகாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எபாக்ஸியில் ஹார்டனர் உறை மோர் இல்லை. அதுவே பாதிச் சரக்கு. ரெசினும் ஹார்டனரும் ஒன்றையொன்று கைகோத்துத்தான் கெட்டியாக வேண்டும். இரண்டுக்கு ஒன்று என்று பாட்டிலில் போட்டிருந்தால் அதே அளவுதான். கூடுதலாக ஊற்றியது ஜோடி கிடைக்காமல் உள்ளேயே நின்றுவிடும். எத்தனை நாள் காய வைத்தாலும் கொழகொழப்பு மாறாது. சரியாகக் கலந்து, வெறும் குளிரால் தாமதமாகியிருந்தால் காத்திருக்கலாம். இது அந்த ரகமில்லை.

பையன் இரவல் பலகையில் இறங்கினான். முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிட்டான். வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

புதுப் பலகை வாங்கும் காசுக்கு ஒரு பழைய பைக் வாங்கலாம். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய சாம்பியன்ஷிப் நடந்து, ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினாரே, தனிப்பிரிவில் இந்தியாவுக்கு முதல் ஆசியப் பதக்கம், அதற்குப் பிறகு கரையோரப் பையன்களுக்குப் பலகைமேல் ஆசை கூடியிருக்கிறது. வீட்டுக் காசு கூடவில்லை. ஒட்டுப்போட்ட பலகைதான் அவர்களுக்குப் பலகை.

அன்று மத்தியானமே உட்கார்ந்து அத்தனையையும் சுரண்டினார். துணி வரை உரித்து, ஸ்பிரிட்டில் துடைத்தார். துடைப்பதற்கு அசிட்டோன் எடுக்கவில்லை. தெர்மோகோல் அதிலும் கரையும். இந்த முறை நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு சின்னத் தராசு வாங்கி வந்தார். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. பாட்டிலில் இருப்பது கொள்ளளவுக் கணக்கா, எடைக் கணக்கா என்று பார்க்க வேண்டும். ஹார்டனர் பொதுவாக எடை குறைவு. இரண்டுக்கு ஒன்று என்ற கொள்ளளவு, எடையில் நூறுக்கு ஐம்பதாக வராது. கலக்கும்போது டப்பாவின் ஓரமும் அடியும் சுரண்டி மூன்று நிமிடம் கலக்கி, வேறொரு டப்பாவுக்கு மாற்றி மறுபடி ஒரு சுற்று. குளிருக்கு மருந்தாக, கை வைத்தால் இதமாக இருக்கும் தூரத்தில் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டார். மீந்த ரெசினை அப்படியே டப்பாவில் பக்கத்தில் வைத்தார்.

ராத்திரி அம்மா போன் செய்தார்.

"இன்னாடா கண்ணு, சாப்ட்டியா? கொரலு ஏன் டல்லா கீது?"

சொன்னார்.

"உறை ஊத்தினா சட்டிய ஆட்டாத. தூங்கு போ."

"இது உறை இல்லம்மா."

"எதுவா இருந்தா இன்னா, தூங்கு."

காலையில் முதலில் பலகையைத் தொடவில்லை. டப்பாவில் இருந்ததை நகத்தால் அழுத்திப் பார்த்தார். பள்ளம் விழவில்லை. கவிழ்த்துத் தரையில் தட்டினார். கண்ணாடிக் கட்டி மாதிரி 'டக்'கென்று கேட்டது. பையனுக்கு போன் போட்டு, "இன்னிக்கு இல்ல, ஒரு வாரம் கழிச்சுத் தண்ணியில இறக்கு" என்றார்.

"காசு எவ்ளோண்ணா?"

"எடுத்துக்கிட்டுப் போடா."

அந்த டப்பா இன்னமும் அவர் பட்டறை ஜன்னலில் இருக்கிறது. பக்கத்திலேயே, முதல் நாள் ராத்திரி கலக்கிய டப்பாவும். வருஷம் ஒன்றாகப்போகிறது, அதில் விரல் வைத்தால் இன்றைக்கும் ஒட்டும்.