வெளிமூச்சின் கணக்கு

ஊட்டச்சத்தும் உடற்பயிற்சி அறிவியலும் சேர்ந்த முதுநிலைப் படிப்பில் தாள்கள் எத்தனை இருந்தாலும், அடிப்படையில் அது இரண்டு அளவுகளைப் பற்றிய படிப்பு: உடலுக்குள் போகும் ஆற்றல், உடல் செலவழிக்கும் ஆற்றல். உயிர்வேதியியலையும் புள்ளியியலையும் புத்தகத்தை வைத்துக்கொண்டு படித்துவிடலாம். அளப்பது மட்டும் லேபில் நின்று, கையால் செய்து பழக வேண்டிய வேலை. அதிலும் மாணவரைப் படாதபாடு படுத்துவது வெளிமூச்சை அளப்பதுதான்.

வெளிமூச்சைப் பிடித்துச் சேகரிக்கும் பையை 1911-இல் விவரித்தவர் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த சி. ஜி. டக்ளஸ். அதே ஆண்டு உடலியலாளர் ஹால்டேனுடன் கொலராடோவின் பைக்ஸ் பீக் மலை உச்சிக்குப் போய், உயரத்தில் மூச்சு எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்த குழுவிலும் அவர் இருந்தார். 1920-களில் ஏ. வி. ஹில் அந்தப் பையை ஓடுபவர் முதுகில் கட்டி ஓடவிட்டு, ஆக்சிஜன் ஏற்புக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்று காட்டினார். அந்த உச்சத்தை எட்டியாயிற்று என்று எப்போது சொல்லலாம் என்பதற்கு 1955-இல் மின்னசோட்டாவில் டெய்லரும் உடன் பணியாற்றியவர்களும் ஓர் அளவுகோல் வைத்தார்கள்: சுமையைக் கூட்டியும் ஏற்பு கிலோவுக்கு நிமிடத்துக்கு 2.1 மில்லிலிட்டருக்கு மேல் ஏறக் கூடாது. இந்த எண்ணை மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அது எந்தச் சரிவில், எந்த வேகத்தில் நடத்திய சோதனைக்கு வகுத்தது என்று கேட்டால் பதில் வராது.

பையைக் கையாளும் முறை பார்க்க எளிது. மூக்குக்குக் கிளிப், வாயில் ரப்பர்க் கடிப்பான், வால்வு, குழாய், பை. சோதனைக்கு முன் பையை முழுக்கக் காலி செய்ய வேண்டும்; முந்தைய ஆளின் காற்று மடிப்புகளில் ஒட்டிக்கொண்டிருந்தால் புதிய மாதிரி கெட்டுவிடும். வால்வை மூச்சின் நடுவில் திருப்பக் கூடாது. ஒரு வெளிமூச்சு முடியும் கணத்தில் திறந்து, இன்னொன்று முடியும் கணத்தில் மூட வேண்டும். நேரத்தையும் அந்த இரு கணங்களுக்கு இடையில்தான் எடுக்க வேண்டும். சரியாக ஒரு நிமிடத்தில் மூட வேண்டும் என்று அவசரப்படுபவர் அரை மூச்சைக் கோட்டைவிடுவார். கடுமையாக ஓடுபவருக்கு ஒரு மூச்சு இரண்டு லிட்டரைத் தாண்டும். கடிப்பானின் ஓரத்தில் உதடு விலகினாலும் கணக்கு போயிற்று. ஓடுபவரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்க ஒருவரைத் தனியே நிறுத்துவது நல்ல லேபின் வழக்கம்.

பிறகு பகுப்பாய்வு. ஹால்டேன் கருவியில் மாதிரியைப் பாதரசத்தால் தள்ளி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கார்பன் டை ஆக்சைடையும், பைரோகலாலில் ஆக்சிஜனையும் உறிஞ்சவிட்டு, ஒவ்வொரு முறையும் மீந்த அளவைப் படிக்க வேண்டியிருந்தது. ஒரே மாதிரியை இருமுறை பகுத்து, இரண்டும் ஒத்துப்போனால்தான் நோட்டில் ஏறியது. பாதரசம் நஞ்சு, அந்தக் கருவி லேபை விட்டுப் போனதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. அது பழக்கிவிட்ட சந்தேகமும் கூடவே போனதுதான் நட்டம்.

அந்தச் சந்தேகத்தின் விலையை ஒரு கணக்கில் பார்க்கலாம். ஒருவர் நிமிடத்துக்கு 60 லிட்டர் மூச்சு விடுகிறார். அதில் ஆக்சிஜன் 16.5 விழுக்காடு, கார்பன் டை ஆக்சைடு 4.2. நைட்ரஜனை வைத்து உள்மூச்சைத் திருத்திக் கணக்கிட்டால் ஆக்சிஜன் ஏற்பு 2.70 லிட்டர், சுவாச விகிதம் (வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடை ஏற்கும் ஆக்சிஜனால் வகுத்தது) 0.92. ஆக்சிஜன் ரீடிங் மட்டும் தவறி 16.6 என்று வந்தால் ஏற்பு 2.62 ஆகும், விகிதம் 0.95. ஏற்பில் வந்த வித்தியாசம் மூன்று விழுக்காடுதான். ஆனால் அந்த விகிதத்தை வைத்துக் கணக்கிடும், எரிபொருளில் கொழுப்பின் பங்கு ஏறக்குறைய கால் பாகத்திலிருந்து ஆறில் ஒரு பாகமாகச் சரிந்துவிடும். ‘இந்தப் பானம் கொழுப்பு எரிப்பைக் கூட்டியது’ என்று முடிவு எழுதும் ஆய்வேடுகளில் எத்தனை இந்த 0.1-க்குள் அடங்கிவிடும் என்று யாரும் பார்ப்பதில்லை.

வெப்பநிலைத் திருத்தம் இன்னொன்று. வாயுக் கன அளவை 0 டிகிரி, 760 மில்லிமீட்டர் அழுத்தம், ஈரமற்ற நிலை என்ற தரத்துக்கு மாற்றியாக வேண்டும். ஏசி ஓடாத சென்னை லேபில் 32 டிகிரியில் ஈரத்தோடு அளந்த 100 லிட்டர், தர நிலையில் சுமார் 85 லிட்டர்தான். 15 டிகிரிக் குளிரில் அதே 100 லிட்டர் 93 ஆக நிற்கும். குளிர்நாட்டுப் பாடநூலின் மாதிரிக் கணக்கிலிருந்து திருத்த எண்ணை அப்படியே எடுத்துப் போடுபவர், சென்னை ஆள் ஒவ்வொருவரின் திறனையும் ஒன்பது விழுக்காடு ஏற்றிவிடுகிறார்.

இப்போது எல்லாவற்றையும் இயந்திரம் செய்கிறது. முகமூடியை மாட்டினால் திரையில் மூச்சுக்கு மூச்சு எண்கள் ஓடும். உள்ளே 1949-இன் வியர் சூத்திரம் கலோரியைப் போட்டுத் தரும். இயந்திரம் குறையல்ல. ஆனால் அதற்கும் ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் அளவு தெரிந்த வாயுச் சிலிண்டரால் சென்சாரையும், 3 லிட்டர் சிரிஞ்சால் ஓட்ட மானியையும் சரிபார்க்க வேண்டும். சிலிண்டர் தீர்ந்து வாரங்கள் ஆகியும் சோதனைகள் தடையில்லாமல் நடக்கும் லேபுகள் உண்டு. சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு சுவாச விகிதம் 1.2 என்று வந்தால், முகமூடி பயத்தில் ஆள் வேகமாக மூச்சு விட்டிருக்க வேண்டும், அல்லது கருவி பிசகியிருக்க வேண்டும். பையோடு மல்லுக்கட்டியவர் அந்த இடத்திலேயே சோதனையை நிறுத்துவார். மற்றவர் அதை அட்டவணையில் சேர்த்து, சராசரி எடுத்து, பி மதிப்பும் போட்டுவிடுவார். கைக்கடிகாரம் காட்டும் கலோரியை ஆய்வேட்டில் ஏற்றுபவருக்கு இந்தச் சிரமமும் இல்லை.

உட்கொள்ளும் பக்கத்தின் தொல்லை வேறு வகை. 1918-இல் குன்னூரில் மருத்துவர் மெக்கரிசன் தொடங்கிய பெரிபெரி ஆய்வுதான் வளர்ந்து ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. அதன் 2017 அட்டவணையில் 528 உணவுப் பொருள்களின் சத்து விவரம் இருக்கிறது. அட்டவணை துல்லியமானது, உண்டதை நினைவிலிருந்து சொல்லவைக்கும் ரீகால் அப்படியல்ல. ‘ரெண்டு கரண்டி சாம்பார்’ என்றால் எந்தக் கரண்டி, அடியில் துழாவி எடுத்ததா, மேலாக எடுத்ததா என்று கேட்க வேண்டும். தாளித்த எண்ணெயை யாரும் தானாகச் சொல்வதில்லை. நின்றபடி வாயில் போட்ட முறுக்கும் சொல்லப்படுவதில்லை. 1992-இல் வெளியான நியூயார்க் ஆய்வில், எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்றவர்கள் தாங்கள் உண்டதைச் சராசரியாக 47 விழுக்காடு குறைத்துச் சொல்லியிருந்தார்கள். பொய் சொல்லும் எண்ணத்தோடு அல்ல. செயலியில் மாணவரே பட்டியலைத் தட்டிக்கொண்டு போகும் இன்றைய முறையில் கரண்டியைக் காட்டச் சொல்லி நேரில் கேட்கும் ஆள் இல்லை.

இரண்டு பக்கமும் சந்திக்கும் இடம் ஆய்வேட்டின் முடிவுப் பகுதி. உண்டது 1,400 கிலோ கலோரி, செலவு 2,100 என்று அட்டவணை சொல்லும். எட்டு வாரத்தில் எடை அசைந்திருக்காது. அப்படியானால் இரண்டில் ஒன்றாவது தவறு. எது என்று தேட வேண்டியது அந்த மாணவரின் வேலை. ‘வளர்சிதை மாற்றம் மந்தமாக இருந்ததால்’ என்று ஒரு வரி எழுதிக் கடந்துவிடுகிறார்கள். வழிகாட்டியும் கையெழுத்துப் போடுகிறார். வைவாவில் கேள்விகள் பெரும்பாலும் மாதிரி எண்ணிக்கையையும் புள்ளியியல் சோதனையின் பெயரையும் சுற்றியே வரும். காலிபிரேஷன் பதிவேட்டைக் காட்டச் சொல்லும் தேர்வாளர் அபூர்வம்.