கிராணி வீட்டுப் புத்தகங்கள்

புத்தகம் வாங்கும் கிராணியைத் தோட்டத்தார் சற்று ஐயத்தோடுதான் நோக்குவர். சம்பளப் பட்டியலும் செம்பனைக் குலைக் கணக்கும் எழுதுகிறவனுக்குக் கதை எதற்கு என்பது அவர்கள் எண்ணம். அதிலும் நான் ஆங்கில வழியிற் பயின்றவன். தமிழை வீட்டில் பேசினேனேயன்றிப் பள்ளியில் முறையாகக் கற்றேனல்லேன். இருபத்தைந்து வயதுக்கு மேல், வேலை முடிந்த மாலை வேளைகளில், எழுத்துக் கூட்டியே தமிழ் நூல்களுக்குள் நுழைந்தேன். இப்பொழுது என் மகள் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டில் படிக்கிறாள், வயது பதினொன்று. நான் எந்த நூலைக் கையில் எடுத்தாலும், "இதை நான் படிக்கலாமா, அப்பா?" என்று கேட்பது அவள் வழக்கமாகிவிட்டது. கடந்த ஓராண்டில் நான் படித்தவற்றுட் சிலவற்றைப்பற்றி இங்கே எழுதப் புகுந்ததற்கு அவள் கேள்வியே காரணம்.

முதலில், நண்பரொருவர் கொடுத்த ஆங்கில நூல் ஒன்று. பிள்ளைகளை வளர்ப்பது எப்படி என்று கற்பிப்பது. இத்தனை மணிக்கு உறக்கம், இத்தனை நிமிடம் வாசிப்பு, இன்ன குற்றத்திற்கு இன்ன கண்டிப்பு என்று அட்டவணைகள் நிறைந்தது. அட்டவணை போடுவதே என் பிழைப்பாதலால் மாலையிலும் அதையே படிக்க மனம் கொள்ளவில்லை. அறுபதாம் பக்கத்தில் மூடியவன் பின் திறக்கவில்லை. பெயரைச் சொல்லி அதன் ஆசிரியருக்கு ஊறு செய்வானேன்?

இரண்டாவது, என் மகளே பள்ளி நூல்நிலையத்திலிருந்து கொண்டுவந்தது. இ. பி. வைட் என்ற அமெரிக்கர் 1952இல் எழுதிய 'சார்லட்ஸ் வெப்'. ஒரு பன்றிக்குட்டியும் ஒரு சிலந்தியும் நட்புக் கொள்ளும் கதை. பன்றியும் சிலந்தியுமா என்று நான் முதலில் நகைத்தேன். அவளுக்கு ஆங்கிலம் பழக வேண்டுமே என்று இரவுதோறும் ஓர் அதிகாரம் படித்துக் காட்டினேன். கொல்லப்படவிருக்கும் பன்றிக்குட்டியைக் காக்க, அந்தச் சிலந்தி தன் வலையிலே சொற்களை எழுதுகிறது. ஊரார் எழுத்தைக் கண்டு வியக்கின்றனரேயன்றி, எழுதிய சிலந்தியை எவரும் கருதுகிறாரில்லை. ஈற்றில் அது, சந்தை கலைந்த வெறுங்களத்தில், துணையொன்றுமின்றி மாள்கிறது. அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. என் மகளோ அழாமல், "பக்கத்தில் ஒருவருமே இல்லையா?" என்று மட்டும் கேட்டாள். சிறுவர் நூல் என்றால் சாவை மறைத்தே எழுத வேண்டுமென்று கருதியிருந்தேன். என் கருத்து தவறு என்பதை இந்நூல் காட்டியது.

மூன்றாவது, உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வாரந்தோறும் வந்து, ஆசிரியர் மறைந்தமையால் முற்றுப்பெறாது நின்ற நூல் இது. ஏடு தேடிய கதைக்காகவே இதனை எல்லாரும் புகழ்வர். நானும் அதற்காகவே எடுத்தேன். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியவர் அவர் தந்தையார் வேங்கடசுப்பையர். இசையும் கதாகாலட்சேபமும் தவிர வேறு வருவாய் இல்லாத மனிதர். மகனுக்குத் தமிழ் கற்பிக்கத் தக்கார் எங்கே உளர் என்று கேள்வியுற்று, குடும்பத்தோடு ஊர் ஊராகக் குடிபெயர்கிறார். பின்னர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மகனைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். மகன் தம்மைப்போல் இசையில் வல்லவனாக வேண்டுமென்ற ஆசை அவருக்கு இருந்தது. மகன் மனம் தமிழையே நாடியது. ஆசையை அடக்கிக்கொண்டு மகனோடு நடந்தார். எழுநூறு பக்கத்துக்கு மேற்பட்ட அந்நூலில் அவர் பெருமையாகப் பேசுவது சிறிது, நடந்ததே மிகுதி. நான் என் மகளுக்காக இதுவரை எவ்வளவு தூரம் நடந்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். பள்ளிக்கு அவளை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவதற்கு மேல் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நூல் பெரிது, நடை பழையது, ஆயினும் அலுக்கவில்லை. தஞ்சை நாட்டுச் சிற்றூர்ப் பெயர்கள் மட்டும் இந்நாட்டில் பிறந்த என்னைச் சிறிது தடுமாறச் செய்தன.

நான்காவது, நம் நாட்டவரே ஆங்கிலத்தில் எழுதிய நாவல். கெடா மாநிலத்துப் பிடோங்கில் பிறந்த கே. எஸ். மணியம் 1981இல் வெளியிட்ட 'த ரிட்டர்ன்'. பாட்டி, தந்தை, மகன் என மூன்று தலைமுறை. மகன் ரவி ஆங்கிலப் பள்ளியில் படித்து, ஆசிரியப் பயிற்சிக்கு இங்கிலாந்து சென்று மீள்கிறான். மீள்வதற்குள் தந்தையின் மொழி அவனுக்குப் புரியாததாகிவிடுகிறது. தந்தையோ, பட்டா இல்லாத மண்ணில் வீடு கட்டி, முடிவில் அவ்வீட்டோடு தீயில் மாள்கிறார். இந்நூலை நான் விரும்பிப் படித்தேன் என்று கூறுதற்கில்லை. என்னை அடையாளங் கண்டுகொண்டதனால் கூசிக்கூசிப் படித்தேன். என் தந்தை பால்மரம் வெட்டியவர். நான் ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதிய நாளில் அவர் முகத்தில் தோன்றிய பெருமையின் ஓரத்தில் ஓர் அச்சமும் இருந்ததை இந்நூலைப் படித்த பின்னரே உணர்ந்தேன். மொழி செறிவானது, சில பக்கங்களை இருமுறை படித்தும் முழுதும் விளங்கவில்லை. "பெரியவளான பிறகு படிக்கலாம்" என்று மகளிடம் சொன்னேன். அதனை அவள் ஏற்றுக்கொண்டாள்.

அவள் ஏற்காதது ஐந்தாவது நூல். ஆறு மாதமாக என் அலமாரியின் மேல்தட்டில், பழைய பேரேடுகளுக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்திருந்தது. ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்'.

1942இல் மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் கைப்பட்ட பின், சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை போடப்பட்டதும், 1943 அக்டோபரில் அது முடிந்ததும் அன்பர்கள் அறிந்ததே. நேச நாட்டுப் போர்க் கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர் அங்கே வேலை செய்தனர். ஆசியத் தொழிலாளரோ அவர்களினும் பன்மடங்கினர். நம் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர் அவர்களுட் பெருந்தொகையினர். மாண்ட கைதிகள் 12,000 பேருக்கு மேல். அவர்களுட் பெரும்பாலோர்க்குக் கல்லறையும் கல்லிற் பெயரும் உண்டு. மாண்ட தொழிலாளர்க்கு மதிப்பீடு மட்டுமே உண்டு. 90,000 என்பாரும் உளர். வாந்திபேதியும் மலேரியாவும் ஆறாப் புண்ணும் கொண்டுபோனவர்களைப் பெயர் எழுதிப் புதைப்பார் இல்லை.

ஆனால் புறப்படும்போது பெயர் எழுதப்பட்டது. வெள்ளைக்காரத் துரைமார் ஓடிப்போன தோட்டங்களில் ஆபீசை நடத்தியவர்கள் கிராணிகளும் கண்டக்டர்களுமே. இத்தனை ஆள் வேண்டும் என்று மேலிருந்து கேட்டால், இன்னின்னார் என்று பட்டியல் தர வேண்டிய கை அவர்களுடையதாயிற்று.

என் தாத்தா அப்பட்டியல் ஒன்றில் இருந்தவர். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. போர் முடிந்த பின் திரும்பிய சிலருள் ஒருவர். நான் அறிந்த அளவில் அவர் அதைப்பற்றிப் பேசியதில்லை. கணுக்காலுக்கு மேலே உள்ளங்கை அகலத்தில் பளபளவென்று ஒரு வடு இருக்கும்; கேட்டால், "கட்டை குத்தியது" என்பார். ஒரு பழக்கம் மட்டும் வீட்டில் எல்லாருக்கும் வேடிக்கையாக இருந்தது. அவர் தோட்டத்து ஆபீஸ் பக்கமே போகமாட்டார். கைநாட்டு வைக்க வேண்டிய நாளிலும் ஏதேனும் சாக்குச் சொல்லிப் பாட்டியை அனுப்பப் பார்ப்பார். கிராணியார் லயத்துப் பக்கம் வந்தால் பின்கட்டு வழியாக வெளியேறிவிடுவார். கூச்ச சுபாவம் என்று நினைத்தோம். நான் சிறுவனாக இருக்கும்போதே இறந்துபோனார். பேரன் கிராணியானதை அவர் பார்க்கவில்லை.

இந்நூலை நாவலென்று கொண்டு குறைநிறை காட்டுவோர் இருக்கலாம். எனக்கு அது இயலவில்லை. தராசு பிடிக்கிறவனே தட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டால் எடை சொல்வது எங்ஙனம்? மூன்று இரவுகளில் படித்து முடித்தேன். நான்காம் நாள் ஆபீசில் சம்பளப் பட்டியலைத் திறந்தபோது, இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர் பெயர்கள் கணினியில் வரிசையாக நின்றன. அவர்களைச் சாவுக்கு அனுப்ப எவரும் கேட்கவில்லை என்பதை நான் அறிவேன். ஆயினும் அன்று வேலை மெதுவாகவே ஓடியது.

அதனை மகளிடமிருந்து ஒளித்தேன். பிஞ்சு மனம் தாங்காது என்று மனைவியிடம் காரணம் சொன்னேன். சிலந்தி செத்ததைத் தாங்கியவள் இதை ஏன் தாங்கமாட்டாள் என்று அவள் கேட்டாள். மறுமொழி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சென்ற மாதம் பேரேடு தேடப்போன மகள் நூலைக் கண்டெடுத்துவிட்டாள். நான் அறிவதற்குள் பாதி படித்தாயிற்று. ஒருநாள் இரவு உணவின்போது, "தாத்தாவுக்குக் கட்டை குத்தவில்லை, இல்லையா அப்பா?" என்றாள். இல்லை என்றேன். சிறிது நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவள், "பெயரையெல்லாம் யார் எழுதிக் கொடுத்தார்கள்?" என்று கேட்டாள். கிராணி என்றேன்.

"நீங்கள் அப்போது இருந்திருந்தால் எழுதியிருப்பீர்களா?"

எழுதியிருக்கமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அன்றைய கிராணிக்கும் மனைவி மக்கள் இருந்திருப்பர். மறுத்தால் அவன் பெயரே பட்டியலில் முதலாவதாக ஏறியிருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒரு விடை சொல்லலாம்தான். ஆனால் என் எதிரே இருந்தவள், பட்டியலில் இருந்தவருடைய கொள்ளுப்பேத்தி.

தெரியவில்லை, அம்மா என்றேன்.

படித்து முடித்துவிட்டு மறுபடியும் கேட்பேன் என்றாள். இப்போது அந்நூல் மேல்தட்டில் இல்லை. அவள் தலையணைக்கருகே கிடக்கிறது. நேற்றுப் பார்த்தேன். இன்னும் நாற்பது பக்கம் இருக்கிறது.