அமானத் பணத்தில் ஒரு கணினி

 

பள்ளித் தேர்வு முடிவுகள் வெளியாகும் காலத்தில் மதரஸாவுக்கு வரும் பெற்றோர் பலரும் எங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர். "ஹஜ்ரத், பிள்ளைக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்க வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது?" நாங்கள் ஓதிக்கொடுப்பவர்கள், கணினி வல்லுநர்கள் அல்லர். ஆயினும் சென்ற ஆண்டு எங்கள் மதரஸாவுக்கு ஒரு மேசைக் கணினி வாங்கும் பொறுப்பை நிர்வாகம் ஆசிரியர்களாகிய எங்களிடம் ஒப்படைத்தது. அதற்காகக் கற்றறிந்தவற்றையும் கேட்டறிந்தவற்றையும் இங்கே பகிர்ந்துகொள்கின்றோம்.

எங்கள் கையில் இருந்த தொகை 45,000 ரூபாய். அது ஒரு செல்வந்தர் எழுதிக்கொடுத்த காசோலை அன்று. பீடி சுற்றும் தாய்மார்கள் வாரந்தோறும் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பிய இருபதும் ஐம்பதும் சேர்ந்த பணம். அதில் ஒரு ரூபாய் வீணானாலும் விரயம். ஒரு ரூபாயை மிச்சப்படுத்துவதாக எண்ணி இரண்டே ஆண்டில் பயனற்றுப் போகும் பொருளை வாங்கினாலும் அதுவும் விரயமே. இரண்டுக்கும் நடுவில் உள்ள வழியைக் காண்பதுதான் எங்கள் கவலையாக இருந்தது.

அந்த வழியைக் காட்டியது நாங்கள் நாள்தோறும் பாடம் நடத்தும் ஃபிக்ஹ் நூல்களின் ஓர் அத்தியாயமே. முன்பணம் கொடுத்துப் பின்னர் பொருளைப் பெறும் 'ஸலம்' வணிகத்தில், பொருளின் இனம், தரம், அளவு, ஒப்படைக்கும் நாள் ஆகியவை ஐயத்துக்கு இடமின்றிக் குறிக்கப்பட வேண்டும் என்று இமாம்கள் நிபந்தனை விதித்துள்ளனர். "நல்ல கோதுமை" என்று சொன்னால் போதாது. எந்த வகை, எந்தத் தரம், எத்தனை அளவு என்று சொல்ல வேண்டும். பின்னாளில் சச்சரவு எழாதிருக்கவும், ஒருவர் பணத்தை மற்றவர் முறையின்றி உண்ணாதிருக்கவுமே இந்த ஏற்பாடு. கடையில் உதிரிபாகங்களைச் சேர்த்துக் கட்டித் தரும் கணினி எந்த வகை ஒப்பந்தத்தின் கீழ் வரும் என்ற நுணுக்கத்துக்குள் இங்கே நாம் செல்லவில்லை. அந்த ஒழுங்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். "நல்ல கம்ப்யூட்டராகக் கொடுங்கள்" என்று கேட்பதும் "நல்ல கோதுமை" என்று கேட்பதும் ஒன்றே.

ஆகவே முதலில் ஒரு தாளை எடுத்து, கணினியைப் பற்றி அன்று, எங்கள் வேலையைப் பற்றி எழுதினோம். மாணவர் வருகைப் பதிவு, வரவு செலவுக் கணக்கு, தமிழிலும் அரபியிலும் வினாத்தாள், வளைகுடா நாடுகளில் வாழும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மாலை நேர இணைய வகுப்பு, தஜ்வீத் பாடத்தைத் திரையில் காட்டுதல். இவ்வளவுதான். இவற்றுள் ஒன்றுக்கும் விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை. வண்ண விளக்கு மின்னும் கேபினட்டும் தேவையில்லை. தாளில் வேலை தெளிவானதும் பாதி முடிவு தானாகவே ஏற்பட்டுவிட்டது.

அடுத்தது பிராசஸர். நம் மக்களிடையே ஐ3 தாழ்ந்தது, ஐ7 உயர்ந்தது என்ற எண்ணம் ஆழப் பதிந்துள்ளது. ஒரே காலத்தில் வெளிவந்தவற்றுள் ஒப்பிட்டால் அது பெரும்பாலும் சரி. ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் வரும் எண்ணே பிராசஸரின் வயதைச் சொல்கிறது. ஐ7-2600 என்பது 2011இல் வந்த இரண்டாம் தலைமுறை. ஐ3-12100 என்பது 2022இல் வந்த பன்னிரண்டாம் தலைமுறை. இரண்டிலும் நான்கு கோர்களே உள்ளன. எனினும் புதிய ஐ3 அந்தப் பழைய ஐ7ஐ வேகத்தில் வெகுதூரம் பின்தள்ளிவிடும். மின்சாரத்தையும் குறைவாகவே உண்ணும். ஆகையால் "ஐ7 இருக்கிறது, மலிவாகத் தருகிறோம்" என்று ஒருவர் கூறினால், "முழு எண்ணையும் சொல்லுங்கள்" என்று கேளுங்கள்.

அந்த எண்ணின் இறுதியில் வரும் எழுத்துக்கும் பொருள் உண்டு. இன்டெல் பிராசஸரின் எண்ணுக்குப் பின் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால், திரையில் படம் காட்டும் பகுதி அதற்குள் இல்லை என்று பொருள். தனியாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினாலன்றி மானிட்டரில் ஒன்றும் தெரியாது. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் வரிசையிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. 5600ஜி என்பதில் அந்தப் பகுதி உள்ளது. 5600 என்பதில் இல்லை. விலை சற்றுக் குறைவாக இருக்கிறதே என்று இந்த ஓரெழுத்தைக் கவனியாது விட்டால், மிச்சமானதைவிடப் பெருந்தொகை பின்னர் செலவாகும்.

எங்களைப் போன்றோரின் அன்றாட வேலையில் வேகத்தை உண்மையில் உணர்த்துவது பிராசஸரைவிட எஸ்.எஸ்.டி.யே. பழைய ஹார்டு டிஸ்க்கில் நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஒரு தட்டின் மீது முனை ஒன்று நகர்ந்து நகர்ந்து படிக்க வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் அசையும் பாகமே இல்லை. ஹார்டு டிஸ்க் நொடிக்கு ஏறத்தாழ 150 எம்பி படித்தால், சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. 500 எம்பிக்கு மேல் படிக்கும். என்விஎம்இ வகை அதனினும் பன்மடங்கு விரைவானது. எண்களைக் கண்டு மயங்க வேண்டாம். ஹார்டு டிஸ்க்கிலிருந்து எஸ்.எஸ்.டி.க்கு மாறும்போது தெரியும் வேறுபாடு, சாட்டாவிலிருந்து என்விஎம்இக்கு மாறும்போது எழுத்து வேலையில் அவ்வளவாகத் தெரிவதில்லை. எங்களுக்கு 512 ஜிபி தாராளமாகப் போதும் என்று கண்டோம்.

ரேம் 8 ஜிபியா, 16 ஜிபியா என்பது அடுத்த கேள்வி. இணைய வகுப்பு ஒருபுறம், பாடநூல் ஒருபுறம், கணக்கு ஒருபுறம் எனத் திறந்து வைத்தால் 8 ஜிபி விரைவில் நிறைந்துவிடும். எனவே 16 ஜிபி என்று எழுதினோம். பணம் போதாதவர்கள் 8 ஜிபியில் தொடங்கலாம். ஆனால் மதர்போர்டில் இன்னொரு ரேம் பொருத்த இடம் காலியாக இருக்கிறதா என்பதைக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். டிடிஆர்4 பொருந்தும் இடத்தில் டிடிஆர்5 பொருந்தாது. ஆகவே எந்த வகை என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

மானிட்டர் விஷயத்தில் நாங்கள் சிக்கனம் பார்க்கவில்லை. 1366க்கு 768 புள்ளிகள் கொண்ட திரையில் அரபி எழுத்தைச் சிறிதாகக் காட்டினால் ஃபத்ஹாவும் ஷத்தாவும் ஒன்றோடொன்று கலங்கித் தெரிகின்றன. ஹரகத் மாறினால் பொருளே மாறிவிடும் பாடத்தைக் கற்பிப்பவர்கள் நாங்கள். ஆகவே 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட, பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மங்காத ஐபிஎஸ் வகைத் திரையையே கேட்டோம். பிராசஸரில் ஒரு படி இறங்கினாலும் திரையில் இறங்குவதில்லை என்று முடிவு செய்தோம். பிள்ளைகளின் கண்கள் நாள்தோறும் பார்ப்பது திரையையே அன்றிப் பிராசஸரை அன்று.

விலைப்பட்டியலில் பெரும்பாலும் பெயரின்றி மறைந்திருப்பது, மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். 'கேபினட்டோடு வருகிறது' என்று சொல்லிவிடுவார்கள். மின்தடையும் மின்னழுத்த ஏற்ற இறக்கமும் உள்ள ஊர்களில் தரமற்ற எஸ்.எம்.பி.எஸ். பழுதாகும்போது மதர்போர்டையும் சேர்த்துக் கெடுத்துவிடக்கூடும். நற்பெயருள்ள நிறுவனத்தின் பெயரும் '80 பிளஸ்' முத்திரையும் உள்ளதைக் கேளுங்கள். கூடவே, எழுதியதைச் சேமித்து முறையாக அணைப்பதற்குச் சில நிமிடங்கள் தாங்கும் 600 விஏ யு.பி.எஸ். ஒன்றையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய கணினி வாங்குவதில் குறையொன்றும் இல்லை. பல அலுவலகங்கள் கழித்த கணினிகள் நல்ல நிலையில் கிடைக்கின்றன. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவடைந்தது. விண்டோஸ் 11 முறைப்படி இயங்க டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர் வேண்டும். அதற்கு முந்தையது மலிவாகக் கிடைத்தால், லினக்ஸ் நிறுவிப் பயன்படுத்தும் எண்ணத்தோடு வாங்குங்கள்.

இவ்விடத்தில் ஒரு வார்த்தை. "விண்டோஸ் சும்மா போட்டுத் தருகிறோம்" என்று கடைக்காரர் கூறுவது பெரும்பாலும் உரிமமற்ற நகலையே. பிறர் உழைப்பில் உருவானதை விலை கொடாமல் எடுத்துக்கொண்டு அதில் மார்க்கக் கல்வியைக் கற்பிப்பது எங்களுக்கு உவப்பாகத் தோன்றவில்லை. உரிமத்துக்குப் பணமில்லையேல் வழியும் உண்டு. உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளும் லிப்ரே ஆபீஸும் இலவசமாகவே, உரிமையோடு கிடைக்கின்றன. தமிழ்99 விசைப்பலகை அமைப்பும் அரபி அமைப்பும் அவற்றில் இயங்கும். எங்கள் மதரஸா கணினி அவ்வாறே இயங்குகிறது. வினாத்தாள் தயாரிப்பில் எக்குறையும் இல்லை.

இப்படி எழுதிய பட்டியலோடு மூன்று கடைகளில் விலை கேட்டோம். ஒரு கடையில் "ஐ5, 8 ஜிபி, 500 ஜிபி" என்று ஒற்றை வரியில் எழுதி, மற்றவர்களைவிட 6,000 ரூபாய் குறைவாகத் தந்தார்கள். நாங்கள் முழு விவரம் கேட்டோம். பிராசஸர் மூன்றாம் தலைமுறை, 500 ஜிபி என்றது ஹார்டு டிஸ்க், எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குப் பெயரே இல்லை. எழுதப்பட்டதில் பொய் ஒன்றும் இல்லை. சொல்லாமல் விடப்பட்டதிலேயே எல்லாம் இருந்தது.

அப்போது எங்கள் நினைவுக்கு வந்தது தானியக் குவியலைப் பற்றிய ஹதீஸ். நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு குவியலுக்குள் கையை நுழைத்தபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்தது என்றார் விற்றவர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபியவர்கள் கேட்டார்கள்; ஏமாற்றுதலைக் கண்டித்தார்கள். நம் சமுதாயத்தில் கணினிக் கடை வைத்திருக்கும் இளைஞர்கள் பலர் உள்ளனர். அவர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இதுவே: ஈரத்தை மேலே வையுங்கள். தலைமுறையையும் வகையையும் உத்தரவாதக் காலத்தையும் கேட்கும் முன்னரே எழுதிக் கொடுங்கள். வாங்குவோருக்கோ, கையை உள்ளே விட்டுப் பார்க்கும் பொறுப்பு உண்டு.

பில் இல்லாமல் வாங்கினால் 18 விழுக்காடு ஜிஎஸ்டி மிச்சமாகும் என்றும் ஒருவர் கூறினார். வரியை மறைப்பது தவறு என்பது ஒருபுறமிருக்க, பில் இல்லையேல் உத்தரவாதத்தைக் கேட்டு நிற்க நம் கையில் சான்று ஏது? ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணும் பில்லில் இடம்பெறச் செய்யுங்கள்.

தவணையைப் பற்றியும் சொல்ல வேண்டும். "வட்டியில்லாத் தவணை" என்று விளம்பரம் செய்யப்படும் திட்டங்கள் பலவற்றில், வங்கி வட்டியைக் கணக்கிட்டே வசூலிக்கிறது. அதே அளவு தொகையைக் கடைக்காரர் விலையில் தள்ளுபடி செய்கிறார். ஒப்பந்தத் தாளைப் படித்தால் வட்டி என்ற சொல் அதில் இருப்பதைக் காணலாம். கையெழுத்திடும் முன் அத்தாளை உங்கள் ஊர் ஆலிமிடம் காட்டிக் கேளுங்கள். நாங்கள் மூன்று மாதம் காத்திருந்து, தொகை முழுதும் சேர்ந்த பின்னரே வாங்கினோம். யு.பி.எஸ். உட்பட 41,300 ரூபாய் ஆயிற்று. மீதியில், கணக்குகளை இரண்டாவது படியாகச் சேமித்துவைக்க ஒரு வெளிப்புற ஹார்டு டிஸ்க் வாங்கினோம், எஸ்.எஸ்.டி. சில வேளைகளில் முன்னறிவிப்பின்றியே செயலிழந்துவிடும். கணினிப் பாகங்களின் விலை அடிக்கடி மாறுவதால் எங்கள் தொகையை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். பட்டியல் போடும் முறையை மட்டும் கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுத் தேவை எங்களுடையதிலிருந்து வேறுபடலாம். கட்டிடக்கலையோ காணொளித் தொகுப்போ படிக்கும் மகனுக்குக் கிராஃபிக்ஸ் கார்டு கருவியே அன்றி ஆடம்பரம் அன்று. அதை மறுத்தால் அவன் கல்வியைக் குறைத்தவர்கள் ஆவோம். வணிகவியல் படிக்கும் மகளுக்கு எங்கள் பட்டியலே போதும். அண்ணனுக்குப் புதியது, தங்கைக்கு அவன் கழித்தது என்ற வழக்கத்தையும் சற்றே மறுபரிசீலனை செய்யுங்கள். யாருக்கு என்ன வேலை இருக்கிறது என்பதே அளவாகட்டும். பிள்ளைகளையே உட்காரவைத்து, அவர்கள் கையாலேயே அந்தத் தாளை எழுதச் செய்யுங்கள். "இது எதற்கு வேண்டும்?" என்று ஒவ்வொரு வரிக்கும் கேளுங்கள். பதில் சொல்ல முடிந்த வரி நிற்கட்டும். முடியாத வரியைப் பிள்ளையே அடித்துவிடும்.

நம் பொருளை எவ்வாறு ஈட்டினோம், எதில் செலவிட்டோம் என்று மறுமையில் கேட்கப்படுவோம் என்பது நமது நம்பிக்கை. எங்கள் பட்டியலும், மூன்று கடைகளின் விலைத்தாள்களும், பில்லும் மதரஸா அலுவலகத்தில் ஒரே கோப்பில் உள்ளன. பணம் தந்த எந்தத் தாயும் எந்நேரமும் வந்து பார்க்கலாம். உங்கள் வீட்டிலும் அப்படியொரு தாள் இருக்கட்டும். நாம் வாங்கும் கருவிகளை அல்லாஹ் பயனுள்ள கல்விக்குத் துணையாக ஆக்கியருள்வானாக. ஆமீன்.