உத்தமபாளையம்: மலையை நம்பிய ஊர்

திண்டுக்கல்லிலிருந்து குமுளிக்குப் போகும் பெருவழியில், சின்னமனூருக்கும் கம்பத்துக்கும் இடையே, முல்லைப் பெரியாற்றங்கரையில் வயலும் தென்னையும் சூழ அமைந்த உத்தமபாளையத்தை, கோர்ட்டு வழக்குக்கும் பத்திரப் பதிவுக்கும் வந்து போகும் ஊர் என்ற அளவிலேயே வெளியூரார் அறிவர். தாலுகாவின் தலைமையிடம், 1996-ல் மதுரை ஜில்லாவிலிருந்து தேனி பிரிந்தபோது உடன் பிரிந்தது, பேரூராட்சி. ஆட்சி விருத்தாந்தம் இவ்வளவே போதும்.

ஊருக்கு வெளியே கருப்பண்ணசாமி பாறை என்று ஜனங்கள் வழங்கும் குன்றில், ஆயிரம் வருஷங்களுக்கு மேற்பட்ட தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாகப் புடைத்து நிற்கின்றன. வட்டெழுத்தில் அச்சணந்தி முதலான துறவியர் பெயர்கள் காணப்படுகின்றன. திருக்குணகிரி என்பது அக்குன்றின் பழம்பெயர். சமணம் பல இடங்களில் வணிகரின் ஆதரவை நாடிச் சென்றது ஆதலால், குமுளிக் கணவாயை நோக்கிய இந்த வழியில் அக்காலத்திலேயே பொதிமாடுகள் நடந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். பின்னர் ஆந்திர தேசத்துக் காளஹஸ்தியின் ஈசுவரர் இங்கே திருக்காளாத்தீசுவரராக எழுந்தருளினார். அம்பிகைக்கும் ஞானாம்பிகை என்றே திருநாமம் அமைந்தது. தென் காளஹஸ்தி என்று கீர்த்தி பெற்ற அத்தலத்துக்கு, ராகு கேது தோஷத்துக்குப் பரிகாரம் தேடுவோர் இன்றும் வருகின்றனர். குதிரையோடு சம்பந்தப்பட்ட குலமென்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் முஸ்லிம் ராவுத்தர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் தழைத்து, மலைச்சரக்கு வியாபாரத்தில் கால் ஊன்றினார்கள். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பன்னீர் திராட்சை, இராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டிப் பக்கத்துப் பந்தல்களில் இன்றும் காய்க்கிறது. 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இப்படி, வந்த சமயம் ஒவ்வொன்றும் இவ்வூருக்குச் சாமியோடு ஒரு தொழிலையும், தொழிலோடு ஒரு நடத்தையையும் சேர்த்தே கொண்டுவந்தது.

அந்த நடத்தைகளுள் மிகப் பெரியது ஏலக்காய் கற்பித்தது. ஏலச்செடி எங்கள் மண்ணில் முளைப்பதில்லை. வண்டன்மேடு, உடும்பன்சோலை, நெடுங்கண்டம் என்று கேரள எல்லைக்குள் அடங்கிய குளிர்மலைகளில்தான் அது விளைகிறது. ஆனாலும் அதை நட்டவர்களிலும், பறிப்பவர்களிலும், விற்பவர்களிலும் பெரும்பாலார் இந்தப் பள்ளத்தாக்கின் மக்கள். நட்ட செடி காய்க்க மூன்று வருஷம் ஆகும். காய்த்த பின்னும் ஒரே தடவையில் அறுத்துக் களம் சேர்க்க முடியாமல், மாதத்துக்கு ஒரு எடுப்பாகப் பழுத்ததைப் பார்த்துப் பார்த்துக் கிள்ள வேண்டும். கிள்ளிய பச்சைக்காயை ஸ்டோர் என்னும் உலர்த்துக்கூடத்தில் இரவெல்லாம் சூடேற்றி உலர்த்தினால் ஐந்து கிலோவுக்கு ஒரு கிலோதான் மிஞ்சும். இதற்கிடையே மழை மிகுந்தால் அழுகல், குறைந்தால் இலைப்பேன். இத்தகைய பயிரை நம்பிப் பிழைக்கும் ஊரில் அவசரக்காரனுக்கு மரியாதை இருக்க நியாயமில்லை. தோட்டக்காரருக்கு வியாபாரி மூன்று மாதம் முன்னதாகவே முன்பணம் கொடுத்தார். சாட்சியும் பத்திரமும் கேட்பது அவமானம் என்று இரு தரப்பாரும் கருதினார்கள். பேச்சு தாழ்ந்த குரலில் நடக்கும். தேநீர் முடியும்வரை விலை பேச மாட்டார்கள். ராவுத்தர் கணக்கேட்டின் தலைப்பில் 786 இருக்கும், அடுத்த கடைச் செட்டியார் ஏட்டில் பிள்ளையார் சுழி இருக்கும். இருவர் ஏட்டிலும் கொடுத்த வாக்கு தவறியவன் பெயருக்கு எதிரே அடுத்த வருஷம் எழுத்து இராது. பெண் கொடுக்க விசாரிக்க வருகிறவர்கள், பையனின் படிப்பைக் கேட்குமுன் அவன் அத்தா கடையின் நாணயத்தைத்தான் கேட்பார்கள். தேவர் வீட்டுப் பிள்ளை ராவுத்தரை 'மாமா' என்றும், அவர் அவனை 'வாங்க மாப்ளே' என்றும் அழைப்பது வெறும் உபசாரமன்று. கடன் கொடுத்து வாங்கிப் பழகிய நெருக்கம் அது.

தோட்டத்துக்கு ஏறும் ஜீப்புகள் விடியுமுன் புறப்பட்டாக வேண்டுமாதலால், இங்கே கூலிப் பெண்கள் நாலு மணிக்கே உலை வைக்கிறார்கள், டீக்கடைகளும் அந்த நேரத்திலேயே விழிக்கின்றன. வாரக்கூலி கைக்கு வரும் மாலையில்தான் கடைத்தெருவுக்கு உயிர் வரும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைத் தகராறு முற்றிக் குமுளி வழி அடைபட்டு, தோட்டங்களிலிருந்து நம்மவர் கூட்டங்கூட்டமாக இறங்கி வந்தார்களே, அப்போது எத்தனை ஆத்திரம்! ஆயினும் வழி திறந்ததும் அதே ஜீப்புகள் அதே தோட்டங்களுக்குத்தான் ஏறின.

இந்த வியாபார நாகரிகம் கல்லும் சுண்ணாம்புமாக நிலைத்தது 1956-ல். கல்லூரிப் படிப்பென்றால் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த மதுரைக்கு மூட்டை கட்ட வேண்டியிருந்த அக்காலத்தில், ஹாஜி கருத்த ராவுத்தர் என்னும் கொடையாளர் தம் பெயர் தாங்கிய ஹௌதியா கல்லூரியை நிறுவினார். சமயத்தால் சிறுபான்மையினரான ஒருவரின் தர்மத்தில், பள்ளத்தாக்கின் எல்லாச் சாதிப் பிள்ளைகளும், கழனிவேலை செய்தவர் வீட்டு முதல் பட்டதாரிகளும் படித்து வெளியேறினார்கள். ஈட்டிய பொருளை மாளிகையாக்காமல் ஸ்தாபனமாக்கும் இந்தப் புத்தி, கடன் வாக்கைக் காப்பாற்றும் புத்தியின் உடன்பிறப்பு என்றே நான் எண்ணுகிறேன்.

இன்று அப்புத்தி எங்கே போயிற்று? 2007-ல் ஏலக்காய்க்குக் கணினி ஏலம் வந்தபின் கூக்குரல் ஏலம் ஓய்ந்தது. அது நல்லதே, விலையை ஒளிக்க முடியாது. 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனதும் உண்மை. அந்தப் பணம் மதுரையிலும் சென்னையிலும் மாடியாக எழுந்ததே தவிர, இவ்வூரில் 1956-க்கு ஈடாக ஒன்று எழுந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஒரு நல்ல நூலகக் கட்டடத்துக்குக்கூடக் கை நீட்டுவாரில்லை. கல்யாண மண்டபங்கள் மாத்திரம் குறைவில்லாமல் பெருகுகின்றன.

முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக் 1895-ல் திருப்பிவிட்ட ஆற்று நீரால் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். அதே ஆற்றில் ஊர்ச் சாக்கடை மூடாமல் விழுகிறது, நாம் கழித்து விட்டதுதான் வைகையில் சேர்ந்து மதுரைக்காரரின் குடத்துக்குப் போகிறது. தீர்த்தங்கரர் பாறையில் காதலர் பெயர்களைக் கிறுக்கும் பையன்களைக் கேட்க ஆளில்லை. புறவழிச்சாலை வந்ததும் லாரிகள் ஒழிந்தன என்று மகிழ்ந்தோம். இப்போது இரவுப் பஸ்களிலும் சில ஊருக்குள் வராமலே கடந்துவிட, மூட்டையோடு இருட்டில் விலக்கில் இறங்கி ஆட்டோ தேட வேண்டியிருக்கிறது. திண்டுக்கல்–குமுளி ரயில் பாதை என்று தேர்தல்தோறும் வாக்குறுதி மட்டும் தவறாமல் வருகிறது. போடிக்கு 2023-ல் அகல ரயில் வந்துவிட்டது, எங்களுக்கு மீட்டர் கேஜ் கூட ஒருநாளும் வந்ததில்லை. இத்தனைக்கும் மனுக் கொடுக்கலாம் என்றால், வர்த்தகர் கூட்டத்துக்கு வருகிறவர்கள் பத்துப்பேரைத் தாண்டுவதில்லை; அவர்களிலும் பாதிப்பேர் கையெழுத்துப் போடுமுன், யார் தலைவர் என்று கேட்கிறார்கள்.